மூன்றாவது கியர்

அன்று வண்டியில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் நான். நடுவில் அண்ணி, கியர் கம்பி முட்டியில் இடிக்காமல் இருக்கக் கால்களை ஒருக்களித்து வைத்துக்கொண்டு. அந்தப் பக்கக் கதவோரம், அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்தபடி என் அண்ணன். பின்னால் தொட்டியில் ஒரு தார்ப்பாய், ஒரு கயிற்றுச் சுருள், காலி டிரம்கள், மாற்று டயர். வண்டியில் சுமை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் அதைக் காரணம் காட்ட வேண்டாம்.

டீசல் வண்டியை எழுப்பியவுடன் விரட்டக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. சாவியைத் திருப்பினால் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். அது அணையும் வரை பொறுக்க வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும். நான் ஒரு நாளும் இதைத் தவறவிட்டதில்லை. அன்றும் தவறவிடவில்லை.

இந்த வண்டிக்கு முன்னால் நான் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்தேன். ஒரு வெளிச்சத்துக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாகப் போகும். கீறலோ குமிழோ இருப்பதைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதைப் பல வருடம் செய்தவனுக்கு மனிதர்களைப் பார்த்தாலும் குமிழ்தான் முதலில் தெரியும். ஒரு நாள் ஷிப்டின் பாதியில் எழுந்து, கையுறையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சண்டை எதுவும் இல்லை. போதும் என்று இருந்தது.

பிக்கப் வாங்கலாம் என்று யோசனை சொன்னது அண்ணன். அவர் நாலு பேரிடம் பேசிச் சவாரி பிடிப்பார், நான் வண்டியைப் பார்த்துக்கொள்வேன், இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம் என்று ஏற்பாடு. எனக்கு அப்போது வேலை இல்லை என்பதால் பேப்பர் அவர் பெயரில் இருந்தது.

"யார் பேர்ல இருந்தா என்னடா, ஓடப்போறது நம்ம ரெண்டு பேருக்கும்தானே" என்றார்.

அண்ணன் எப்போதும் இப்படித்தான் பேசுவார். கேட்க நன்றாக இருக்கும். நான் வேலையை விட்டு வந்த அன்று, மாடி அறை உனக்குத்தான் என்றார். அடுத்த வாரமே அங்கே அண்ணியின் தையல் மெஷின் ஏறிவிட்டது. ஒருமுறை கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். ஏதோ விசேஷத்துக்குப் போகும்போது, "குடுடா, போயிட்டு வந்து தர்றேன்" என்று வாங்கியவர் திருப்பித் தரவில்லை. கெட்ட எண்ணம் கிடையாது. கொடுக்கும்போது மனதாரக் கொடுப்பார். எடுக்கும்போதும் மனதார எடுப்பார்.

அவர் ஓட்டும்போது என்னால் பக்கத்தில் உட்கார முடியாது. கிளட்ச் மேல் பாதத்தை வைத்துக்கொண்டே ஓட்டுவார். மேட்டில் கியரைக் குறைக்க மாட்டார், இன்ஜின் திணறும். முழுச் சுமையோடு வந்து நின்ற மறுநொடி சாவியைத் திருகி அணைத்துவிடுவார். இன்ஜினுக்குக் காற்றூட்டும் டர்போ அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். ஆயில் ஓட்டம் பட்டென்று நின்றால் உள்ளே இருப்பது கருகிப்போகும். கொஞ்சம் ஓடவிட்டு அணை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"ஏன்டா, தாலாட்டுப் பாடித் தூங்க வெச்சிட்டுத்தான் எறங்கணுமா?" என்பார்.

அண்ணி வாசலில் நின்று சிரிப்பார். "பாடித்தான் ஆகணும். உங்க தம்பிக்கு அதுதானே சம்சாரம்."

நானும் சிரிப்பேன். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடிப்பது, காற்று ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, பெல்ட்டை அழுத்திப் பார்ப்பது, எல்லாம் என் வேலை. அந்த வீட்டில் நான் செய்ததற்குச் செய்தபடி பதில் சொன்னது அந்த வண்டி மட்டும்தான்.

போன கோடையில் அண்ணன் இன்ஜினைக் கொதிக்கவிட்டார். ரேடியேட்டர் குழாய் கசிந்திருக்கிறது. சூட்டு முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தும், சாமானுக்குக் காத்திருக்கிறார்கள் என்று நிறுத்தாமல் ஓட்டி வந்திருக்கிறார். இன்ஜினின் மேல் மூடியான ஹெட் வளைந்துவிட்டது. உள்ளே பிஸ்டன் ரிங்குகள் போய்விட்டன. வெள்ளைப் புகை கக்கி நின்றுபோன வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன வேலை செய்தாலும் முடிவில் அவர் கையில் ஒரு வாஷராவது மிஞ்சும் என்று பேச்சு. ஆனால் இந்த இன்ஜினில் எதுவும் மிஞ்சவில்லை, ஏனென்றால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு உறுப்பையும் டீசலில் கழுவித் துணியில் துடைத்து வரிசையாக வைத்தது நான்.

"உங்க அண்ணன் காலுக்கு இது பத்தாது தம்பி. கப்பல் இன்ஜின்தான் மாட்டணும்" என்றார் வாஷர். பிறகு சொன்னார்: "உள்ள ரிங்கும் லைனரும் புதுசு. ஒண்ணுக்கொண்ணு பழகற வரைக்கும் மூணாவது கியருக்கு மேல ஆசைப்படாதீங்க. மேடு ஏறாதீங்க, சுமை ஏத்தாதீங்க. பழகினதும் கொண்டாங்க, அந்த ஆயில வடிச்சிட்டுப் புதுசு ஊத்திடலாம். அதுக்கப்புறம் விரட்டுங்க, யாரு கேக்கப்போறா."

இதற்கு ரன்னிங்-இன் என்று பெயர். அண்ணன் இதற்குப் பொறுமை இல்லாதவர். அதனால் அந்த நாட்களில் நான் மட்டுமே ஓட்டினேன். காலியாக, சமதளத்தில், மெதுவாக. அப்படி நிம்மதியாக இருந்த காலம் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

அதே சமயத்தில்தான் அண்ணனுக்கு நெஞ்சில் இறுக்கம் வந்தது. டாக்டரிடம் அழைத்துப் போனது நான்தான். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, இனி சுமை தூக்கக் கூடாது, மறுபடி வலி வந்தால் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு உடனே கொண்டு வாருங்கள், தாமதித்தால் எங்களால் எதுவும் செய்ய முடியாது என்றார் டாக்டர். அண்ணனிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது அண்ணன் சொன்னார், "வண்டியக் குடுத்துடலாம்டா. இன்ஜின் வேலை செஞ்ச வண்டி, கொத்திக்கிட்டுப் போவான். சின்னதா ஒரு கடை போடுவோம். நீ கல்லால உக்காந்துக்க. நிழல்ல இருக்கலாம்."

"கல்லாவுக்கும் ஆயில் போட்டுத் துடைச்சு வெச்சிருவாரு" என்றார் அண்ணி.

நான் எழுந்து கை கழுவினேன்.

தண்ணீர் கேன் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். டயரை உதைத்துப் பார்க்கிறவருக்கு வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது என்று அர்த்தம். பிடித்திருக்கிறது, ஒரு நல்ல நாள் பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வருவதாகச் சொன்ன நாளின் காலை அது. வண்டி பார்வையாக இருக்கட்டும் என்று அண்ணன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மாற்று டயரைத் தூக்கி இறக்கினார். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு கை குடேன்டா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. விற்கிறவரே கழுவட்டும் என்று இருந்தது. டயரை மறுபடி மேலே ஏற்றியவர், தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தலை நனைந்திருந்தது. தண்ணீர் என்று முதலில் நினைத்தேன். அது வேர்வை.

அண்ணி ஓடி வந்தார். உடனே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்.

"அது எப்ப வந்து சேரும் அண்ணி, நம்ம வண்டி வாசல்லயே நிக்குது" என்றேன். அந்தப் பக்கம் எடுப்பதற்குள் அண்ணி போனை வைத்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதில் தவறில்லை. வாசலில் நிற்கிற வண்டிதான் சீக்கிரம் போகும்.

இருவருமாக அவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். சுருள் விளக்கு எரிந்து அணைந்தது. ஸ்டார்ட் செய்தேன். ஓடவிட்டேன்.

"எடுங்க தம்பி" என்றார் அண்ணி.

"ஒரு நிமிஷம். இன்ஜின் சூடாகட்டும்."

"மனுசன் ஜில்லிட்டுப் போயிருக்காரு தம்பி."

சூட்டு முள் அசைந்ததும் எடுத்தேன்.

தெரு முனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி. மேம்பாலம் ஏறி இறங்கினால் குறுக்கு வழி. பாலத்தைத் தவிர்த்துச் சுற்றுச் சாலையில் போனால் தூரம் கூடுதல், ஆனால் சமதளம். நான் சுற்றுச் சாலைக்குத் திருப்பினேன்.

"பாலத்து மேல போகலையா?"

"மேடு ஏறக் கூடாது அண்ணி. ரன்னிங்-இன்ல இருக்கு. நடுப் பாலத்துல இன்ஜின் பிடிச்சுக்கிச்சுன்னா அங்கயே நிக்கணும். அப்புறம் என்ன பண்றது?"

அண்ணிக்கு இன்ஜின் தெரியாது. நியாயமான காரணம் என்று பட்டிருக்க வேண்டும். சரி என்று தலையசைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் அண்ணனின் கழுத்தைத் துடைத்தார்.

மூன்றாவது கியர். வேக முள் நாற்பதைத் தாண்டவில்லை. பள்ளிப் பேருந்து ஒன்று எங்களை முந்தியது. ஸ்கூட்டரில் ஒரு பெரியவர், பின்னால் மாவு மூட்டையோடு, முந்திப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணனின் மூச்சு ஒரு ஒழுங்கில் வந்துகொண்டிருந்தது. பிறகு அந்த ஒழுங்கு போய்விட்டது. இழுப்பார், நிற்கும், மறுபடி இழுப்பார். நிற்கிறபோதெல்லாம் அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் வேகமா போக முடியாதா தம்பி?"

"போய்க்கிட்டுத்தானே இருக்கோம்."

அண்ணன் தண்ணீர் கேட்டார். வண்டியில் இல்லை. சாலையோரம் ஒரு கடை தெரிந்தது. நிறுத்தினேன். அண்ணி நடு சீட்டிலிருந்து அவரைத் தாண்டிக் கதவு வழியாக இறங்கி, அவரைக் கதவோடு சாய்த்துவிட்டு ஓடினார். இன்ஜினை அணைக்கவில்லை. கடையில் முன்னால் இருவர் நின்றிருந்தார்கள்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். டாஷ்போர்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்டா" என்றார்.

"என்ன அண்ணே?"

"நீ ஏன் இப்படி ஓட்றேன்னு." மூச்சு வாங்கினார். "வண்டிய நீயே வெச்சுக்க. விக்கல. பேப்பர் மாத்தித் தர்றேன். இப்ப ஓட்டுடா."

"சரி அண்ணே" என்றேன்.

அவர் கையை என் கை மேல் வைத்தார். என் கை கியர் கம்பி மேல் இருந்தது. அவர் கை ஈரமாக இருந்தது.

அண்ணி பாட்டிலோடு வந்து ஏறினார். நான் கிளப்பினேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இந்த வண்டி அப்படி இழுத்து நான் பார்த்ததே இல்லை. புகை இல்லை, நடுக்கம் இல்லை, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பலம் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் செய்த வேலை அது, வாஷரும் நானும். "அப்படித்தான் தம்பி, அப்படித்தான்" என்றார் அண்ணி. ஸ்கூட்டர் பெரியவரைத் தாண்டினோம். பள்ளிப் பேருந்தையும் தாண்டினோம். சாலை காலியாக இருந்தது. அப்படியே போயிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருப்போம்.

பிறகு ஆக்சிலேட்டரிலிருந்து பாதத்தைத் தளர்த்தினேன். ஐந்திலிருந்து நாலு, நாலிலிருந்து மூன்று.

"ஏன், என்னாச்சு? ஏன் குறைக்கிறீங்க?"

"சூட்டு முள் ஏறுது அண்ணி."

அண்ணி குனிந்து பார்த்தார். எந்த முள் எதைக் காட்டுகிறது என்று அவருக்குத் தெரியாது. முள் ஏறவில்லை. நடுவில் அசையாமல் நின்றது. பள்ளிப் பேருந்து மறுபடி எங்களை முந்தியது. ஜன்னலில் பிள்ளைகள் கையசைத்தார்கள்.

அண்ணனுக்குத் தெரிந்தது. அவர் கொஞ்ச தூரம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆட்கள் தள்ளுவண்டியோடு ஓடி வந்து அவரை இறக்கினார்கள். அண்ணி கூடவே ஓடினார். நான் இறங்கவில்லை. கொஞ்ச தூரம் வேகமாக வந்த வண்டி, டர்போ ஆறும் வரை ஓடவிட்டேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். பிறகு அணைத்துவிட்டு உள்ளே போனேன். இளவயது டாக்டர் ஒருவர், அண்ணன் வழியிலேயே போய்விட்டார், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். ஆம்புலன்ஸ் ஏன் கூப்பிடவில்லை என்று அண்ணியின் தம்பி கேட்டபோது, அண்ணிதான் பதில் சொன்னார். "அவர் மேல தப்பில்ல. இன்ஜின் புதுசு, அதுக்கு மேல ஓட்ட முடியாது. முடிஞ்ச வரைக்கும் ஓட்டினாரு." எனக்கு ஆறுதலாக இருந்தது.

சிக்கல் வண்டியால்தான் வந்தது. காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, அண்ணி தண்ணீர் கேன் வியாபாரியை வரச் சொல்லிவிட்டார். அந்த வண்டி இனி என் கண்ணில் படக் கூடாது என்றார்.

"அண்ணன் அத எனக்குக் குடுத்துட்டாரு அண்ணி."

"எப்ப?"

"வழியில. நீங்க தண்ணி வாங்கப் போனப்ப. வெச்சுக்கன்னாரு."

அண்ணி தைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தினார். "மூச்சு விடவே முடியாத மனுசன், வண்டியப் பத்தி ஏன் பேசினாரு?"

நான் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என்னைப் பார்த்தபடியே எழுந்து, அந்த வண்டிச் சாவியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அன்று அவர் எனக்குச் சாப்பாடு போடவில்லை.

அண்ணன் சொன்னதைக் கேட்டது நான் ஒருவன்தான். எங்காவது பதிவு செய்துவைத்தால்தான் செல்லும் என்று தோன்றியது. அதனால் நானாகவே போலீஸ் நிலையத்துக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, பிடித்துக்கொண்டு போகவும் இல்லை.

அதிகாரி ஒரு பெண். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, "உக்காருங்க. என்ன புகார்?" என்றார். சொத்துத் தகராறு என்றேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். அண்ணன் உண்மையாகவே கொடுத்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்றால், அவர் ஏன் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அதிகாரி குறுக்கிடாமல் எழுதிக்கொண்டார்.

"இன்ஜின் பழகற வரைக்கும் வேகமாப் போகக் கூடாது, அதனாலதான் சுத்துச் சாலையில போனீங்க. சரி. எப்ப பழகி முடியுமாம்?"

"முடிஞ்சிருச்சு மேடம். முந்தின நாளே வாஷர் ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய ஆயில வடிச்சு, நானே புதுசு ஊத்தினேன்." வண்டியை நான் எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

பேனா நின்றது.

"அப்ப அன்னிக்கு வேகமாப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

"பாலத்து மேல?"

"தாராளமா."

கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். "சரி, கோபம், அதுவரைக்கும் புரியுது. அதுக்கப்புறம் அவர் வண்டிய உங்களுக்கே குடுத்துட்டாரே. நீங்களும் வேகமா எடுத்தீங்க. பாதியில ஏன் குறைச்சீங்க?"

இதை எல்லோரும் கேட்கத்தான் செய்வார்கள். எனக்கே அதன் காரணம் அந்தக் காலிச் சாலையில், ஐந்தாவது கியரில்தான் உறைத்தது. மாடி அறையைக் கொடுத்தவர் அவர். கடிகாரத்தைக் கொடுத்தவரும் அவர்தான். மறுவாரம் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்துகொண்டு, அண்ணி பழம் நறுக்கிக் கொடுக்க, "டேய், அப்ப ஏதோ வலியில சொன்னேன்டா" என்று சிரிப்பார். மனதாரச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே கேட்டது.

"பிழைச்சிருந்தா பேச்ச மாத்தியிருப்பாரு மேடம். அவர் சுபாவம் அது. குடுத்த பிறகு மாத்தாம இருக்கணும்னா, அவர் அதோட நின்னாகணும். நான் வேகத்தக் குறைச்சேன். அவர் நின்னுட்டாரு. கடைசியாச் சொன்ன சொல் அதுதான், இனி யாராலயும் அத மாத்த முடியாது. அதனாலதான் வண்டி என்னோடதுங்கறேன்."

அவர் எல்லாவற்றையும் எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நல்ல அதிகாரி. கையெழுத்துப் போட்டேன்.

"அண்ணன் வண்டிய எனக்குக் குடுத்தத எழுதியிருக்கீங்கதானே?"

"எழுதியிருக்கேன். அதுதான் இதுல முக்கியமே."

மனசு லேசாகிவிட்டது. வியாபாரி வருவதற்குள் அண்ணிக்கு ஒரு வார்த்தை தெரிவித்துவிட்டால் நல்லது என்றேன். சொல்லிவிடுகிறோம் என்று எழுந்தார். உள்ளே வாங்க என்று ஒரு கான்ஸ்டபிள் வழிகாட்டினார். சுவரோடு ஒரு பெஞ்சு, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், வேறெதுவும் இல்லை. சாவி வரும் வரை காத்திருக்கும் அறை என்று நினைத்து, நானாகவே நடந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கான்ஸ்டபிள் வெளியே போய்க் கதவைச் சாத்தி, பூட்டினார்.